எள்ளுக்கும் உண்டு குடும்ப வாகு!

கொஞ்ச நாளாகவே அசதி, அடிக்கடி தாகம் என்று டாக்டரிடம் போகிறீர்கள். பி.பி. பார்த்து, எடை பார்த்து முடித்ததும் அவர் கேட்கிற கேள்வி என்னவாக இருக்கும்? ''வீட்ல அப்பா, அம்மா யாருக்காவது சர்க்கரை உண்டுங்களா?''

உண்டு என்று சொன்னால் அவர் தலையை ஆட்டுகிற விதத்திலேயே நமக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. 'பரம்பரை வியாதி... நம்ம கையில என்ன இருக்கு!' என்று வீடு வந்து சேர்கிறோம். சிலர் அன்றைக்கே கடைசி ஆசை போல நாலு மைசூர்பாகு சாப்பிட்டு விடுவதும் உண்டு.

பரம்பரை என்றால் நிஜமாகவே எவ்வளவு? முழுசாகவா, பாதியா, கால்வாசியா? இதை அளக்க முடியுமா?

முடியும். அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்து கொள்ள லேப், மைக்ராஸ்கோப் எல்லாம் வேண்டாம். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து எள்ளு வயலுக்கு வந்தால் போதும். 'சர்க்கரைக்கும் எள்ளுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு நல்லெண்ணெய் பாட்டிலும் உங்கள் வீட்டு வம்சாவளியும் சந்திக்கிற இடம் அது.

கருப்பா, செவப்பா, வெள்ளையா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு எள்ளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் புஞ்சைப் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டால் கடலையும் எள்ளும்தான் முதலில் நினைவுக்கு வரும். மாசிப் பட்டத்தில் விதைத்தால் எண்பது, தொண்ணூறு நாளில் கைக்கு வந்துவிடும். ஈரோடு மாவட்டம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள்ளு ஏலம் நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். கருப்பு ரகம், சிவப்பு ரகம், வெள்ளை ரகம் என்று மூட்டைகளைத் தனித்தனியாக அடுக்கி, தனித்தனி விலை வைப்பார்கள்.

வீட்டுக்குள் வந்தால் சந்தகைக்கு எள்ளும் வெல்லமும் இடித்துப் போட்ட பொடி. பெரிய மனுஷியான பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய். சனிக்கிழமை எள்ளு சாதம். பிழிந்த பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கு. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இந்த எண்ணெயை நினைத்துத்தான். 'எண்ணெய்' என்ற சொல்லே எள்+நெய்தானே! கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று நாம் சொல்லும்போதெல்லாம் நமக்கே தெரியாமல் எள்ளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இந்தத் துணைக்கண்டம்தான் எள்ளுக்குத் தாய்வீடு. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது. பக்கத்தில் மலையாளக் கரையோரம் இன்றும் தானாக முளைத்துக் கிடக்கிற காட்டு எள்தான் நம் எள்ளுக்கு மூதாதை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இத்தனை பெருமை இருந்தும் எள்ளு போட்டுப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை. இந்திய சராசரி எடுத்தால் ஒரு ஹெக்டேருக்கு ஐந்நூறு கிலோவைத் தொடுவதற்கே திணறுகிறது. எள் விளைவிக்கும் பெரிய நாடுகளில் ஒன்றான நாமே இப்போது ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் எள் வாங்குகிறோம். லிட்டர் நல்லெண்ணெய் விலையைக் கேட்டதும் கடைக்காரரை முறைக்கிறீர்களே, அந்த விலைக்குள் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது.

திறந்தால் ஆபத்து!

எள்ளுச்செடியின் முதல் குறும்பு அதன் காயில். முற்றிக் காய்ந்தால் நுனியிலிருந்து பிளந்து கொள்ளும். காற்று ஆட்டினால் எள் பூமிக்கு. அலிபாபா கதையில் எள்ளின் பெயரைச் சொன்னதும் குகைக் கதவு திறக்கிறதே, அதை எழுதியவர் ஏன் எள்ளைப் போய்ப் பிடித்தார் என்று தெரியாது. ஆனால் எள்ளுக்காய் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

இரண்டாவது குறும்பு, செடி ஒரே நேரத்தில் முற்றாது. அடிக்காய் முற்றி வெடிக்கத் தயாராக இருக்கும்போது நுனியில் அப்போதுதான் பூ பூத்துக் கொண்டிருக்கும். முந்தினால் நுனிக்காய் பிஞ்சு. பிந்தினால் அடிக்காய் காலி. அதனால்தான் கருப்பு எள் போடுகிறவர்களுக்கு விவசாயத் துறையினர் ஒரு கணக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். அடியிலிருந்து பத்தாவது காயை உடைத்துப் பாருங்கள். உள்ளே விதை கருத்திருந்தால் அறுத்து விடுங்கள். அறுத்த செடிகளை வட்டமாகப் போர் அடுக்கி, மூடி வைத்து, இலை உதிர்ந்ததும் வெயிலில் காய வைத்துத் தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டும். எல்லாமே கைவேலை. கூலி கட்டுபடியாகாமல் எள்ளையே கைவிட்ட தோட்டங்கள் எத்தனையோ.

மூன்றாவது வியாதி. பூவிலை நோய் என்று பெயர். தத்துப்பூச்சி ஒன்று செடிக்குச் செடி தாவிப் பரப்புகிறது. பூவாக வேண்டியது பச்சை இலைக் கொத்தாக மாறிவிடும். செடி செழிப்பாக நிற்கும், காய் இருக்காது. பார்க்கிற விவசாயிக்கு வயிறு எரியும்.

வெனிசுலா நாட்டில் டெரால்ட் லாங்ஹாம் என்ற அமெரிக்கர் 1943-ல் வெடிக்காத காய் உள்ள எள்ளுச்செடி ஒன்றைக் கண்டுபிடித்தார். 'ஆஹா, தொல்லை தீர்ந்தது' என்று உலகமே துள்ளியது. கடைசியில் அந்தக் காய் அடித்தாலும் திறக்கவில்லை! பலமாக அடித்தால் உள்ளே எள் நசுங்கியது. அந்த ஒரு குணத்தோடு விளைச்சல் குறைவு போன்ற வேறு சில வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் கூடவே நாலு பேர் வந்து உட்கார்ந்து கொண்ட கதை. பாதி திறந்து, எள்ளை விடாமல் பிடித்து வைத்துக் கொண்டு, மெஷினில் அடித்தால் மட்டும் கொட்டுகிற ரகங்கள் அமெரிக்காவில் வந்து சேர அப்புறம் பல பத்தாண்டுகள் ஆயின.

ஒரு குணத்தைப் பிடித்து இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரும். அதனால்தான் எந்தக் குணம் எவ்வளவு தூரம் பரம்பரையில் இறங்கும் என்று கணக்குப் போடாமல் ஆராய்ச்சியாளர்கள் கை வைப்பதில்லை.

மண்ணா, விதையா?

கோவை வேளாண் கல்லூரிக்கு வயசு அதிகம். சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் பண்ணைப் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. இங்கேயும், இதன் கிளைகளான திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்களிலும் எள்ளுக்கென்றே ஆட்கள் உண்டு.

அவர்கள் செய்கிற வேலையை உங்கள் கண்முன் நிறுத்திப் பாருங்கள். நாலா பக்கத்திலிருந்தும் சேகரித்த ஐம்பது, அறுபது வகை எள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, இரண்டு வரிசை. ஒரு வரிசைச் செடி இடுப்பளவு, பக்கத்து வரிசை நெஞ்சளவு. ஒன்று கிளை கிளையாகப் பிரிகிறது, ஒன்று ஒற்றை நாடியாக நேரே போகிறது. ஒரு கணுவில் ஒரு காய், இன்னொன்றில் மூன்று காய். ஒரு மாணவர் நோட்டுப் புத்தகத்தோடு வரிசை வரிசையாகக் குனிந்து எண்ணுகிறார். பூ எத்தனையாவது நாள், உயரம் எத்தனை சென்ட்டிமீட்டர், கிளை எத்தனை, காய் எத்தனை, காய்க்குள் விதை எத்தனை. ஆயிரம் எள்ளை எண்ணி எடுத்துத் தராசில் வைத்தால் மூன்று கிராம் சுமாருக்கு வரும். அதையும் எண்ணித்தான் ஆக வேண்டும்!

இப்போது கேள்வி. ஒரு செடியில் நூறு காய், பக்கத்துச் செடியில் நாற்பது. நூறு காய்ச்ச செடி நல்ல வம்சமா? அல்லது அதன் காலடியில் போன வருஷம் சாணிக்குப்பை கொட்டி வைத்திருந்தார்களா?

பார்த்தால் தெரியாது. நம் வீடுகளிலும் இதே குழப்பம்தான். அண்ணன் பிள்ளைகள் குண்டு, தம்பி பிள்ளைகள் ஒல்லி என்றால் அது வம்சமா, அண்ணி கை மணமா?

எள்ளில் இதைப் பிரிக்க ஒரு வழி உண்டு. ஒரே வகை விதையை ஒரே இடத்தில் போடாமல், வயலின் மூன்று நான்கு பகுதிகளில், சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் தேர்ந்து விதைப்பார்கள். ஒரு வகை எங்கே போட்டாலும் நிறையக் காய்க்கிறது என்றால் அது விதையின் குணம். ஒரு மூலையில் மட்டும் காய்த்து மற்ற இடத்தில் சோர்ந்தால் அது மண்ணின் குணம். மொத்த வேறுபாட்டை இப்படி இரண்டு கூறாகப் பிரிக்கிற கணக்கை இங்கிலாந்துக்காரர் ரொனால்டு ஃபிஷர் 1918-ல் தொடங்கி வைத்தார். நம் ஊர் வேளாண் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது பான்சே, சுகாத்மே என்ற இரண்டு இந்தியர்கள் 1954-ல் எழுதிய புத்தகம். அந்தப் புத்தகத்தைத் தொடாமல் பட்டம் வாங்கிய வேளாண் பட்டதாரி அபூர்வம்.

கண்ணுக்குத் தெரிகிற மொத்த வேறுபாடு பத்துப் பங்கு, அதில் விதையால் வந்தது எட்டுப் பங்கு என்றால் அந்தக் குணத்தின் பாரம்பரியத் திறன் எண்பது சதவிகிதம். இரண்டு பங்குதான் என்றால் இருபது சதவிகிதம். அவ்வளவுதான் விஷயம்!

இதை வைத்து என்ன செய்வார்கள்? விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. வயலில் செடிக்குச் சராசரி 60 காய். நன்றாகக் காய்த்த செடிகளை மட்டும் பொறுக்குகிறோம், அவற்றின் சராசரி 90. கூடுதல் 30. பாரம்பரியத் திறன் 70 சதவிகிதம் என்றால் அந்த 30-ல் 21 அடுத்த தலைமுறைக்கு இறங்கும். பிள்ளைகள் சராசரி 81 காய். அதுவே 20 சதவிகிதம் என்றால் இறங்குவது 6 மட்டும். சராசரி 66. பொறுக்கியவர் முதுகு ஒடிந்ததுதான் மிச்சம்.

பெற்றோர் 90, பிள்ளை 81... ஏன் குறைந்தது என்று கேட்கிறீர்களா? 1886-ல் பிரான்சிஸ் கால்டன் மனிதர்களின் உயரத்தில் இதையேதான் கண்டார். நெட்டையான பெற்றோருக்குப் பிள்ளைகளும் நெட்டைதான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைவிடக் கொஞ்சம் உயரம். அப்பாவின் உயரத்தில் வம்சமும் உண்டு, அவர் வளர்ந்த காலத்து அதிர்ஷ்டமும் உண்டு. வம்சம் இறங்கும். அதிர்ஷ்டம் இறங்காது.

எண்ணெய் மட்டும் ஏன் ஏறவில்லை?

எள்ளுச் செடிகளை இப்படி அளந்தவர்கள் பொதுவாகச் சொல்வது இதுதான். காய்களின் எண்ணிக்கை, ஒரு செடியின் விளைச்சல் ஆகியவற்றில் வகைக்கு வகை வேறுபாடு அதிகம். பொறுக்கி எடுத்தால் முன்னேற்றம் கிடைக்கும். பூக்கும் நாளிலும் எண்ணெய்ச் சத்திலும் கதை வேறு.

எள்ளின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். இந்தக் குணம் பரம்பரையாக நன்றாகவே இறங்குகிறது. ஆனால் இறங்குவதற்கு வித்தியாசம் வேண்டுமே! ஒரு வகையில் 48 சதவிகிதம், இன்னொன்றில் 51. இந்தச் சின்ன இடைவெளிக்குள் எவ்வளவு பொறுக்கினாலும் எவ்வளவு ஏறும்? பூராவும் இறங்கினாலும் ஒன்றிரண்டு சதவிகிதம்தான். பாரம்பரியத் திறன் உயரமாக இருந்தால் மட்டும் போதாது, வேறுபாடும் வேண்டும். செக்குக்காரருக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டுமென்றால், எள்ளில் எண்ணெயைக் கூட்டுவதைவிடச் செடியில் காயைக் கூட்டுவதே சுலபம்.

வேறுபாடே இல்லாவிட்டால்? டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-ல் அதையும் சோதித்துக் காட்டினார். ஒரே பீன்ஸ் செடியின் வம்சத்தில் வந்த விதைகளில் பெரியதையும் சிறியதையும் தனித்தனியாகப் பிரித்து விதைத்தார். இரண்டிலும் வந்த விதைகள் ஒரே அளவு! தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியும் பலன் இல்லை.

நம் ஊர் நாட்டு எள்ளின் மதிப்பு இங்கேதான் தெரியும். கடையில் விவசாயி கேட்கிற விதைப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டி.எம்.வி. என்றால் திண்டிவனம். வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம். எஸ்.வி.பி.ஆர். என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், வெள்ளை எள்ளுக்குப் பேர் போனது. கோ என்றால் நம்ம கோயம்புத்தூர். இந்த டி.எம்.வி. 4 வந்தது சாத்தூர்ப் பக்கத்து நாட்டு எள்ளிலிருந்து. டி.எம்.வி. 5 ஸ்ரீவைகுண்டத்து எள். வி.ஆர்.ஐ. 1 தஞ்சாவூர்ச் சீமை திருக்காட்டுப்பள்ளி எள். யாரோ ஒரு பாட்டி குலுக்கையில் பத்திரப்படுத்தி வருஷா வருஷம் போட்டு வந்த எள்ளிலிருந்து பொறுக்கியவை இவை. அந்தப் பாட்டி வேண்டாம் என்று அதை வறுத்துத் தின்றிருந்தால் ரகமே இல்லை! தாத்தா காலத்து எள்ளு ஒரு படி உங்கள் ஊர் வீட்டுப் பரணில் இருந்தால் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இருக்கிற வேறுபாடு போதாதபோது கலப்பு மணம் செய்து வைப்பார்கள். எள்ளுப் பூ இதற்கு வாகான பூ. மகரந்தக் காம்புகள் பூவின் குழலோடு ஒட்டியிருப்பதால், மறுநாள் விரியப் போகிற மொட்டைச் சாயங்காலம் பார்த்து, குழலை மெல்ல உருவினால் ஆண் பாகம் முழுவதும் கூடவே வந்துவிடும். பெண் பாகம் மட்டும் செடியில் நிற்கும். அதற்கு ஒரு சின்னக் குழாய் மாட்டி விடுவார்கள், தேனீ வராமல் இருக்க. மறுநாள் காலை வேறு ரகத்துப் பூவைக் கொண்டுவந்து மகரந்தம் தடவி, நூலில் அட்டை கட்டி விடுவார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளில்தான் தாத்தா ஜாடை, பாட்டி ஜாடை என்று வகைவகையாகப் பிரியும். அங்கிருந்து பொறுக்கிப் பொறுக்கி, ஊர் ஊராக விதைத்துப் பார்த்து, ஒரு ரகம் வெளிவரப் பத்து வருஷம்கூட ஆகிவிடும். 2014-ல் எள்ளின் மரபுச் சரடு முழுவதையும் படித்துவிட்டார்கள். சுமார் 27,000 மரபணுக்கள். வேலை வேகப்படும் என்றாலும் குனிந்து காய் எண்ணுகிற வேலை போய்விடவில்லை.

இனி நம்ம வீட்டுக் கணக்கு

மனிதர்களில் சீட்டுக் குலுக்கி விதைக்க முடியாது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உயரத்துக்கு எண்பது சதவிகிதம் வரை பாரம்பரியத் திறன் சொல்கிறார்கள். உடனே 'என் உயரத்தில் எண்பது சதவிகிதம் அப்பா கொடுத்தது' என்று நினைத்துவிடாதீர்கள்! இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். இந்த எண் ஒரு ஆளைப் பற்றியதே அல்ல. ஒரு கூட்டத்தில், அவர்கள் வாழும் அந்தச் சூழ்நிலையில், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. வயல் மாறினால் எண்ணும் மாறும்.

இன்னொன்று. பாரம்பரியத் திறன் அதிகம் என்றால் மாற்றவே முடியாது என்று அர்த்தம் இல்லை. தென்கொரியப் பெண்களைப் பாருங்கள். 1896-ல் பிறந்தவர்களையும் 1996-ல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால் சராசரி உயரம் 20 சென்ட்டிமீட்டர் ஏறியிருக்கிறது. நூறு வருஷத்தில் மரபணு மாறிவிடுமா? சாப்பாடு மாறியது, வியாதி குறைந்தது. எருவும் தண்ணீரும் மாறினால் முழு வயலும் சேர்ந்து உயர்கிறது. யார் யாரைவிட நெட்டை என்ற வரிசை மட்டும் பெரும்பாலும் வம்சப்படி நிற்கிறது.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். பெற்றோருக்கு இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான், இரண்டு பேருக்கும் இருந்தால் இன்னும் கூடுதல். மறுக்க முடியாது. ஆனால் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நிற்கிற 531 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான யோசனை மட்டும். இன்னொரு பகுதியினருக்கு தினமும் அரை மணி நேர நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, அடிக்கடி போன் போட்டு விசாரிப்பு. மூன்று வருஷத்தில் முதல் பகுதியில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரைக்காரர்கள் ஆனார்கள். நடந்தவர்களில் 39 பேர்.

55-க்கும் 39-க்கும் நடுவே இருக்கிற அந்தப் பதினாறு பேரை நினைத்துப் பாருங்கள். அதே ஊர், அதே நம் ஜனங்கள், அதே வம்சம். காலடியில் இருந்த மண்ணை மட்டும் மாற்றினார்கள். முழுசாகத் தப்பித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்தும் 39 பேருக்கு வந்தது, அதுவும் உண்மைதான். அங்கே விதை தன் வேலையைக் காட்டுகிறது.

அதனால் டாக்டர் கேட்டால், 'ஆமாங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அப்பாவுக்கா, அம்மாவுக்கா, கூடப் பிறந்தவர்களுக்கா, எந்த வயதில் வந்தது என்று சொல்லுங்கள். எழுபதில் தாத்தாவுக்கு வந்ததும், முப்பத்தைந்தில் அண்ணனுக்கு வந்ததும் டாக்டருக்கு ஒன்றல்ல. உங்கள் பிள்ளைகளுக்காக இதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்.

சமையலறை சந்தேகங்கள்

எள் என்றதும் எங்கே போனாலும் கேட்கிற சில கேள்விகள் உண்டு. ''நல்லெண்ணெய்ல கால்சியம் இருக்குதுங்களா?'' இல்லை! கால்சியம் எள்ளில் இருக்கிறது, எண்ணெயில் இல்லை. தோலோடு உள்ள எள் நூறு கிராமில் ஆயிரம் மில்லிகிராம் சுமாருக்குக் கால்சியம் உண்டு. ஆனால் பெரும்பகுதி தோலில், ஆக்ஸலேட்டோடு கட்டிப்போட்டுக் கிடப்பதால் உடம்பு முழுசாக எடுத்துக் கொள்ளாது. பாலுக்குப் பதில் எள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடுதலாக ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். முழு எள்ளாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், வறுத்துப் பொடித்துச் சாப்பிடுங்கள். ஆக்ஸலேட் கல் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு எள்ளுருண்டையில் கை வையுங்கள்.

செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறார்களே, சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாமா? தாராளமாக. கருப்பட்டி எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு போய்விடும். கொடுத்து வைத்தது மாடு!

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. நல்லெண்ணெயின் தனிச் சொத்து வேறு. அதன் கொழுப்பில் பெரும்பகுதி ஒலிக், லினோலிக் என்ற இரண்டு நல்ல அமிலங்கள், ஏறக்குறையச் சரிபாதியாக. அதோடு செசமின், செசமோலின் என்ற இரண்டு காவல்காரர்கள். எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாசனை அடிக்காமல் காப்பவர்களில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊறுகாய்க்குப் பாட்டி நல்லெண்ணெயையே தேடியது சும்மா அல்ல. இவற்றின் அளவும் ரகத்துக்கு ரகம் மாறுவதால், காயை எண்ணியதோடு இதையும் அளந்து பொறுக்க ஆராய்ச்சியாளர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரி என்பதையும் மறக்க வேண்டாம்.

நல்லெண்ணெய்க்கு இன்னொரு பெருமை, ஒரு காலத்தில் அது போலீஸ் வேலையும் பார்த்தது. வனஸ்பதி தயாரிப்பில் ஐந்து சதவிகிதம் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். எதற்கு? நெய்யில் யாராவது வனஸ்பதி கலந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூரலும் விட்டுக் குலுக்கியவுடன் எள்ளின் சத்து செக்கச்செவேல் என்று நிறம் காட்டிக் கொடுத்துவிடும்!

எள் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டவுடன் உதடு தடிப்பது, உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு இழுப்பது என்று அலர்ஜி வரலாம். அமெரிக்காவில் 2023 முதல் எள் சேர்த்த பொருள்களின் லேபிளில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழந்தைக்கு முதல்முறை எள்ளுப் பொடி தருகிறபோது துளியாகக் கொடுத்துப் பாருங்கள். மூச்சுத் திணறினால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக, கடையில் கவனம். விலை சல்லிசாக இருக்கிறதே என்று அள்ளி வரும் பாட்டிலில் 'விளக்கேற்ற மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். தீபத்துக்கென்றே விற்கிற எண்ணெய் அது, நல்லெண்ணெயாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோசைக்கல்லில் விடாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். செக்கில் நேராக வாங்குகிறவர்கள் என்றால், எள்ளைக் கண்ணால் பார்த்து, ஆட்டும்போது பக்கத்தில் நின்று வாங்கி வாருங்கள். செக்குக்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார்.